1914: முதல் உலகப் போர் ஏன் மூண்டது, தொடக்க மாதங்களில் எப்படிப் போனது

கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. போஸ்னியாவில் ஒரு பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டதற்காக ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போரில் இறங்கியது ஏன் என்பது ஒன்று. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்த அந்தப் போர், 1914 முடிவதற்குள்ளாகவே நகராத முற்றுகையாக மாறியது ஏன் என்பது மற்றொன்று. பாடநூல்களில் காரணங்களுக்கு ஓர் அத்தியாயமும் போக்குக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்கி இவற்றைப் பிரித்துவிடுவது வழக்கம். என் கருத்தில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். நாள் செல்லச்செல்ல எதிரி மேலும் வலுவடைவான், போர் வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும் என்ற அச்சம் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலும் ஜெர்மன் தலைநகர் பெர்லினிலும் அந்தக் கோடையின் முடிவுகளை ஆட்டிவைத்தது. அதே அச்சத்தின் மேல்தான் படைத்தலைமைகள் தங்கள் போர்த்திட்டங்களையும் கட்டியிருந்தன. போரை அவசரமாகத் தொடங்குவதற்கு அந்தத் திட்டங்கள் போதுமானவையாக இருந்தன. அதை அவசரமாக முடிப்பதற்குப் போதவில்லை.

முதலில் கொலையைப் பார்ப்போம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில், ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் கவ்ரீலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞனால் சுட்டுக் கொல்லப்பட்டனர். காலையில் அவனுடைய கூட்டாளி ஒருவன் வீசிய குண்டு தவறிப் பின்னால் வந்த வண்டியில் இருந்தவர்களைக் காயப்படுத்தியிருந்தது. காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க இளவரசர் புறப்பட்டபோது, பாதை மாற்றப்பட்ட செய்தி ஓட்டுநருக்குச் சொல்லப்படாததால் வண்டி தவறான தெருவில் திரும்பி, பிரின்சிப் நின்றிருந்த இடத்துக்கு அருகிலேயே நின்றது. போஸ்னிய செர்பிய இளைஞர்களாலான இந்தக் குழுவுக்கு ஆயுதங்களும் பயிற்சியும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கிடைத்தன; ‘கறுப்புக் கை’ எனப்பட்ட இரகசிய அமைப்பின் தலைவரும் செர்பிய இராணுவ உளவுத்துறையின் தலைவரும் ஒருவரே, அவர் பெயர் திராகுதின் திமித்ரியெவிச். செர்பிய அரசாங்கம் இதற்குக் கட்டளையிட்டது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் செர்பிய அரசுக்குள் இருந்த சிலர் இதில் கைகொடுத்தனர் என்ற வியன்னாவின் ஐயம் ஆதாரமற்றதும் அல்ல. இதில் மனத்தை வருத்தும் செய்தி ஒன்று உண்டு: வியன்னாவின் மேல்மட்டத்தில் செர்பியாவோடு போர் வேண்டாம் என்று தொடர்ந்து தடுத்துவந்தவர்களுள் முதன்மையானவர் இந்த இளவரசர்தான். படைத்தலைவர் கொன்ராட் ஃபொன் ஹெட்சென்டார்ஃப் செர்பியாவைத் தாக்க வேண்டும் என்று பலமுறை வற்புறுத்தியபோதெல்லாம் இளவரசரின் மறுப்பு அவருக்குத் தடையாக இருந்தது. பிரின்சிப்பின் குண்டுகள் அந்தத் தடையை அகற்றிவிட்டன.

கூட்டணிகள் சங்கிலிபோல ஒன்றையொன்று இழுத்துச் சென்று எல்லோரையும் போரில் தள்ளின என்ற விளக்கம் மிகவும் பரவலானது. 1871-இல் பிரான்சைத் தோற்கடித்து ஜெர்மானியப் பேரரசு உருவானதும், அல்சாஸ்-லொரைன் பகுதி பறிபோனதைப் பிரான்ஸ் மறக்காததும், 1879-இலும் 1882-இலும் ஜெர்மனி ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் இத்தாலியோடும் கூட்டு வைத்ததும், 1890-இல் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க் விலக்கப்பட்டபின் ரஷ்யாவுடனான உடன்படிக்கையை ஜெர்மனி கைவிட்டதால் 1894-இல் ரஷ்யாவும் பிரான்சும் கைகோத்ததும், பிரிட்டன் 1904-இல் பிரான்சோடும் 1907-இல் ரஷ்யாவோடும் தன் பழைய காலனிப் பூசல்களைத் தீர்த்துக்கொண்டதும் உண்மையே. ஆயினும் இந்த உடன்படிக்கைகள் தாமாகவே யாரையும் போருக்குள் இழுத்துவிடவில்லை. ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் முறையான கூட்டில் இருந்த இத்தாலி, இது தற்காப்புப் போர் அல்ல என்று கூறி 1914-இல் நடுநிலை வகித்தது. மறு ஆண்டு எதிர்த்தரப்பில் சேர்ந்தது. அதே கூட்டில் இரகசியமாகச் சேர்ந்திருந்த ருமேனியாவும் அப்படியே விலகி நின்றது. மறுபுறம், பிரான்சைக் காக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தக் கடமையும் இல்லாத பிரிட்டன் போரில் இறங்கியது. உடன்படிக்கையை மதிப்பதா கைவிடுவதா என்பதை ஒவ்வோர் அரசும் அந்தந்த நேரத்தில் தன் நலனை எடைபோட்டே முடிவு செய்தது. எனவே, அந்த எடைபோடுதலில் எது கனத்தது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

ஜெர்மனியில் கனத்தது ரஷ்யாவைப் பற்றிய கணக்கு. 1905-இல் ஜப்பானிடம் தோற்று, உள்நாட்டுப் புரட்சியாலும் நலிந்திருந்த ரஷ்யா, அடுத்த பத்தாண்டுகளில் வியக்கத்தக்க வேகத்தில் எழுந்தது. பிரெஞ்சுக் கடனுதவியோடு ஜெர்மன் எல்லையை நோக்கி இருப்புப்பாதைகள் போடப்பட்டன; 1914-இல் சட்டமாக்கப்பட்ட பெரும் படைவிரிவுத் திட்டம் 1917 வாக்கில் நிறைவுபெற வேண்டும். பிரான்சும் 1913-இல் கட்டாயப் படைச்சேவையை மூன்றாண்டுகளாக நீட்டியது. ஜெர்மனியின் போர்த்திட்டமோ, ரஷ்யா மெதுவாகத் திரளும் என்ற ஒரே நம்பிக்கையில் நின்றது. அந்த மெத்தனம் நீங்கிவிட்டால் திட்டமே செல்லாததாகிவிடும். 1912 டிசம்பரில் ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் கூட்டிய ஆலோசனையில், போர் தவிர்க்க முடியாதது, எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவு நல்லது என்ற கருத்தைப் படைத்தலைவர் இளைய மோல்ட்கே முன்வைத்தார். அன்றே போருக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்வது மிகை. ஆனால் ஒரு நெருக்கடி வந்தால் தளபதிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

கடற்படைப் போட்டியைப் பலர் போருக்கான நேரடிக் காரணமாகச் சொல்கிறார்கள். 1898-இலும் 1900-இலும் ஜெர்மன் அட்மிரல் டிர்பிட்ஸ் கொண்டுவந்த கடற்படைச் சட்டங்களும், 1906-இல் பிரிட்டன் மிதக்கவிட்ட ‘டிரெட்நாட்’ போர்க்கப்பலும், மொராக்கோவை முன்னிட்டு 1905-இலும் 1911-இலும் எழுந்த நெருக்கடிகளும் பிரிட்டனைப் பிரான்சின் பக்கம் தள்ளின. ஆனால் 1914 வருவதற்குள் அந்தப் போட்டியில் பிரிட்டன் வென்றுவிட்டது; ஜெர்மனி தன் பணத்தை மீண்டும் தரைப்படைக்குத் திருப்பிவிட்டது. ஆகவே 1914 கோடையின் முடிவுகளில் கடற்படைக்கு நேரடிப் பங்கு குறைவு என்றே நான் கருதுகிறேன்.

ஆஸ்திரியா-ஹங்கேரியின் அச்சம் இன்னும் ஆழமானது, ஏனெனில் அது பேரரசின் உயிர்வாழ்வைப் பற்றியது. ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்தினர், குரோவேஷியர், செர்பியர் எனப் பல இனத்தவர் வாழ்ந்த அந்தப் பேரரசு 1908-இல் போஸ்னியா-ஹெர்செகோவினாவை முறைப்படி இணைத்துக்கொண்டபோது செர்பியா கொதித்தெழுந்தது. ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிந்து 1909-இல் ரஷ்யா பின்வாங்கியது. அந்த அவமானத்தை இரண்டாம் முறை ஏற்பதில்லை என்ற உறுதி ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் அப்போதே பிறந்தது. 1912, 1913 பால்கன் போர்களில் உதுமானியப் பேரரசிடமிருந்து நிலங்களைப் பெற்றுச் செர்பியாவின் பரப்பு ஏறத்தாழ இரட்டித்தது. தன் எல்லைக்குள் வாழும் தென்சிலாவியர்களுக்கு அந்தச் சிறு நாடு ஒரு காந்தமாக மாறிவிட்டது என்று வியன்னா அஞ்சியது. இப்படிப்பட்ட அச்சத்தோடு இருந்தவர்களின் கையில்தான் சரயேவோ ஒரு காரணத்தைக் கொடுத்தது.

அதன்பின் வந்த 37 நாட்களை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வழி திறந்திருந்தது. அதை அறிந்தவர்களே அதை மூடினார்கள். ஜூலை 5 அன்று பெர்லினில் ஆஸ்திரியத் தூதரிடம் கைசரும், மறுநாள் பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கும், செர்பியாவுக்கு எதிராக ஆஸ்திரியா எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஜெர்மனி துணைநிற்கும் என்று வாக்களித்தனர். தொகை எழுதாத காசோலை என்று பின்னாளில் பெயர்பெற்ற இந்த வாக்குறுதிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. விரைந்து அடித்தால் ரஷ்யா ஒதுங்கிவிடலாம், பிரான்சுடனான அதன் உறவும் உடையலாம்; ரஷ்யா ஒதுங்காமல் போருக்கு வந்தாலும் 1917-ஐவிட 1914 மேல். இரண்டாவது சாத்தியத்தையும் அவர்கள் கண்திறந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்பதால்தான் ஜெர்மனியின் பொறுப்பு பெரிது என்று கருதுகிறேன்.

வியன்னாவோ விரைந்து அடிக்கவில்லை. ஹங்கேரியப் பிரதமர் டிசா ஜூலை 14 வரை போருக்கு உடன்படவில்லை. அறுவடைக்காகப் பெரும் எண்ணிக்கையில் படைவீரர்கள் விடுப்பில் போயிருந்தனர். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவன்காரே ரஷ்யத் தலைநகருக்கு வந்திருந்ததால், அவர் அங்கிருந்து கப்பலேறும்வரை இறுதி எச்சரிக்கையை நீட்டக் கூடாது என்றும் தீர்மானிக்கப்பட்டது. இதனால் கொலையின் அதிர்ச்சியில் ஐரோப்பா ஆஸ்திரியாவின்பால் இரக்கம் கொண்டிருந்த நாட்கள் வீணாகக் கழிந்தன. ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு, 48 மணி நேரக் கெடுவோடு, பத்துக் கோரிக்கைகள் கொண்ட எச்சரிக்கை பெல்கிரேடில் அளிக்கப்பட்டது. அது ஏற்கப்படக் கூடாது என்ற நோக்கத்தோடு எழுதப்பட்டது. செர்பியா பெரும்பாலானவற்றை முழுதாகவோ நிபந்தனையோடோ ஏற்று, தன் மண்ணில் நடக்கும் நீதி விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்குகொள்வதை மட்டும் மறுத்தது. பதிலைக் கையில் வாங்கிய ஆஸ்திரியத் தூதர் அன்று மாலையே இரயிலேறிவிட்டார்.

ஜூலை 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்த கைசர், போருக்கான காரணமே இனி இல்லை என்று எழுதினார். பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்துக்கொண்டு பேச்சு நடத்தலாம் என்றும் யோசனை கூறினார். அவருடைய அரசே அந்த யோசனையைத் தாமதப்படுத்தியும் திரித்தும் வியன்னாவுக்கு அனுப்பியது. அன்றே ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. அன்றிரவே தன்யூப் ஆற்றிலிருந்து பெல்கிரேடின்மீது குண்டுகள் விழத் தொடங்கின.

ரஷ்யாவின் பங்கையும் குறைத்துச் சொல்வது சரியாகாது. ஜூலை 26 முதலே அங்கு போருக்கு முந்தைய ஆயத்தங்கள் நடைபெற்றன. ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் பகுதிப் படைதிரட்டல் போதும் என்று வெளியுறவு அமைச்சர் சசோனோவ் முதலில் எண்ணினார். அப்படிப் பாதியளவில் திரட்டினால் பிறகு முழுத் திரட்டலே குழம்பிவிடும் என்று தளபதிகள் வாதிட்டனர். ஜார் நிக்கோலஸ் ஒருமுறை ஆணையிட்டு, கைசரின் தந்தியைக் கண்டு அதைத் திரும்பப் பெற்று, ஜூலை 30 அன்று மீண்டும் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டார். மற்ற நாடுகளில் படைதிரட்டல் என்பது எல்லையில் காத்திருப்பது. ஜெர்மனியிலோ அது போரின் முதல் நாள். மேற்கில் பிரான்சை ஆறு வாரங்களில் வீழ்த்திவிட்டு, அதன்பின் கிழக்கே மெதுவாகத் திரளும் ரஷ்யாவை எதிர்கொள்வது என்ற, முன்னாள் படைத்தலைவர் ஷ்லீஃபனின் பெயரால் அறியப்படும் திட்டத்தில் ஒரு நாள்கூட வீணாக்க இடமில்லை. எனவே ரஷ்யாவின் ஆணை ஜெர்மனியின் கடிகாரத்தை ஓடவிட்டது. ஆகஸ்டு 1 அன்று ரஷ்யாமீதும் ஆகஸ்டு 3 அன்று பிரான்ஸ்மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. பால்கனில் எழுந்த பூசலுக்காக, அதில் சம்பந்தமே இல்லாத பெல்ஜியத்தின் வழியாகப் பிரான்சுக்குள் படையெடுத்தது என்பதே அந்தத் திட்டம் அரசியலை எவ்வளவு முழுமையாக விழுங்கிவிட்டது என்பதற்குச் சான்று. ஆகஸ்டு 1 மாலை, பிரிட்டன் நடுநிலை வகிக்கக்கூடும் என்று இலண்டனிலிருந்து தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தந்தி ஒன்று வந்தபோது, படை முழுவதையும் கிழக்கே திருப்புமாறு கைசர் கூறினார். இலட்சக்கணக்கான வீரர்களின் இரயில் பயணத்தை இனி மாற்றி அமைக்க முடியாது என்று மோல்ட்கே மறுத்துவிட்டார்.

பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 இலண்டன் உடன்படிக்கையில் பிரிட்டனும் பிரஷ்யாவும் உறுதியளித்திருந்தன. ஆகஸ்டு 4 அன்று ஜெர்மன் படைகள் அந்த எல்லையைக் கடந்தன. அன்றிரவு பிரிட்டன் போர் அறிவித்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்காகவா போர் என்று பெத்மான் ஹோல்வெக் பிரிட்டிஷ் தூதரிடம் கேட்டதாகச் சொல்லப்படும் சொற்கள் ஜெர்மனிக்குப் பெரும் அவப்பெயரைத் தேடித்தந்தன. பிரிட்டன் பெல்ஜியத்துக்காக மட்டும் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்ஸ் வீழ்ந்து கண்டம் முழுவதும் ஒரே வல்லரசின் கைக்குள் போவதை இலண்டன் ஒருபோதும் விரும்பியதில்லை. 1912 ஏற்பாட்டின்படி பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டிருந்ததால், பிரான்சின் வடகடற்கரையைக் காக்கும் தார்மிகக் கடமையும் இருந்தது. ஆனால் பிளவுபட்டுக் கிடந்த அமைச்சரவையையும் தயங்கிய மக்களையும் ஒன்றுசேர்த்தது பெல்ஜியம்தான். அதுவரை அயர்லாந்துத் தன்னாட்சிப் பூசலில் மூழ்கியிருந்த அந்த அமைச்சரவையில், போரை எதிர்த்து இருவர் மட்டுமே விலகினர்.

இனிப் போரின் போக்கு. மேற்கில் ஜெர்மனி ஏழு படைகளில் சுமார் 15 இலட்சம் வீரர்களை நிறுத்தியது. கொலோன் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தின்மீது ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்கு ஓர் இரயில் சென்றது. லீயெஜ் நகரைச் சுற்றியிருந்த கோட்டைகள் முதல் தடையாக நின்றன. குரூப் நிறுவனம் செய்த 42 செண்டிமீட்டர் விட்டமுள்ள பெரும் பீரங்கிகள் கொண்டுவரப்பட்ட பின் ஆகஸ்டு 16 அன்று கடைசிக் கோட்டையும் வீழ்ந்தது. ஆகஸ்டு 20 அன்று பிரசல்ஸ் கைப்பற்றப்பட்டது. மறைந்திருந்து பொதுமக்கள் சுடுகிறார்கள் என்ற பீதி ஜெர்மன் படையில் பரவியிருந்தது. அதன் பெயரால் ஆயிரக்கணக்கான குடிமக்கள் கொல்லப்பட்டனர்: தினான் நகரில் மட்டும் 674 பேர் மாண்டனர்; லூவேன் பல்கலைக்கழக நூலகம் அதன் அரிய சுவடிகளோடு எரிக்கப்பட்டது. இவற்றை வெறும் நேச நாட்டுப் பிரச்சாரம் என்று ஒதுக்கும் போக்கு பின்னாளில் எழுந்தது. பிரச்சாரம் சிலவற்றைக் கற்பனையாகச் சேர்த்தது உண்மை. ஆனால் இந்தக் கொலைகள் நடந்தவை.

பிரான்சின் திட்டமும் அவசரத்தின் மேல் கட்டப்பட்டதே. தளபதி ஜொஃப்ர் லொரைனிலும் ஆர்டென் காடுகளிலும் தாக்குதல் தொடுத்தார். நீல மேலங்கியும் சிவப்புக் காற்சட்டையும் அணிந்த காலாட்படை, இயந்திரத் துப்பாக்கிகளையும் விரைவாகச் சுடும் பீரங்கிகளையும் நோக்கி வெட்டவெளியில் முன்னேறியது. ஆகஸ்டு 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டனர். நான்காண்டுப் போரில் பிரான்சுக்கு அதைவிடக் கொடிய நாள் கிடையாது. பின்னர் வந்த வெர்தன், சோம் போன்ற போர்களின் பெயர்கள் எல்லோருக்கும் நினைவிருக்க, இந்த நாள் மறக்கப்பட்டதை நான் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். அடுத்த நாள் மோன்ஸ் நகரருகே சிறிய பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் முதற்படையை எதிர்த்து நின்று, பின் பிரெஞ்சுப் படைகளோடு சேர்ந்து நீண்ட பின்வாங்கலைத் தொடங்கியது. செப்டம்பர் 2 அன்று பிரெஞ்சு அரசாங்கம் பாரிசைவிட்டு போர்தோ நகருக்குப் போனது.

இதற்கிடையே கிழக்கில் ஜெர்மனியின் கணக்கு முதலில் பொய்த்தது. பிரான்சுக்கு அளித்த வாக்கைக் காக்க, தன் ஆயத்தம் முழுமையாவதற்கு முன்பே ரஷ்யா இரு படைகளைக் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் அனுப்பியது. ஆகஸ்டு 20 அன்று கும்பினனில் ஜெர்மன் படை பின்வாங்க நேர்ந்ததும் அதன் தளபதி மாற்றப்பட்டு, ஓய்விலிருந்து அழைக்கப்பட்ட ஹிண்டன்பர்க்கும் அவருக்குத் துணையாக லூடன்டார்ஃபும் வந்தனர். ரென்னன்காம்ஃப், சாம்சனோவ் என்ற இரு ரஷ்யத் தளபதிகளின் படைகளும் மசூரிய ஏரிகளால் பிரிந்துகிடந்தன. இரகசியக் குறியீடு இல்லாமல் அனுப்பப்பட்ட அவர்களுடைய கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ஜெர்மானியர் ஒட்டுக்கேட்டனர். ஆகஸ்டு 26 முதல் 30 வரை டானன்பர்க் பகுதியில் நடந்த போரில் சாம்சனோவின் படை சுற்றிவளைக்கப்பட்டு 90,000-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். சாம்சனோவ் தற்கொலை செய்துகொண்டார். ஜெர்மனிக்கு இது மாபெரும் வெற்றி. ஆனால் கிழக்கைப் பற்றிய கலக்கத்தில் மோல்ட்கே மேற்கிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளை இரயிலேற்றியிருந்தார். அவை வந்துசேர்வதற்குள் டானன்பர்க் முடிந்துவிட்டது, மேற்கில் அவை தேவைப்பட்ட நேரத்தில் அங்கும் இல்லை. தோற்றுப்போன ரஷ்யப் படையெடுப்பு பிரான்சைக் காப்பதில் தன் பங்கைச் செய்துவிட்டது.

மார்ன் ஆற்றங்கரையில் நடந்ததை அதிசயம் என்று அழைப்பது பிரெஞ்சு மரபு. அதிசயத்தைவிட அதில் களைப்பின் பங்கே அதிகம். முதற்படையின் தளபதி குளூக், பாரிசை மேற்கிலிருந்து சுற்றிவளைக்க வேண்டிய பாதையைவிட்டு, அதற்குக் கிழக்கே திரும்பினார். அவருடைய வலப்பக்கம் பாரிசின் காவற்படைக்கு முன் திறந்து கிடந்தது. இரயில் முனையங்களிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட அவருடைய வீரர்கள் ஒரு மாதமாக ஆகஸ்டு வெயிலில் நடந்தவர்கள். தீவனமின்றிக் குதிரைகள் விழுந்துகொண்டிருந்தன. ஜொஃப்ரோ இதற்குள் தன் படைகளைக் கிழக்கிலிருந்து பாரிசின் பக்கம் இரயில்களில் மாற்றிக்கொண்டார். உள்நாட்டு இருப்புப்பாதைகள் பிரான்சின் கையில் இருக்க, ஜெர்மன் வீரன் கால்நடையாகவே வரவேண்டியிருந்தது. செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மோதலில், ஜெர்மனியின் முதற்படைக்கும் இரண்டாம் படைக்கும் இடையே விழுந்த அகன்ற இடைவெளிக்குள் பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் நுழைந்தன. லக்சம்பர்க்கில் தகவல் கிடைக்காமல் தவித்த மோல்ட்கே அனுப்பிய லெப்டினன்ட் கர்னல் ஹென்ட்ஷ், நிலைமையை நேரில் கண்டு பின்வாங்கலுக்கு இசைந்தார். பாரிசின் வாடகைக் கார்கள் படைவீரர்களைக் களத்துக்கு ஏற்றிச் சென்ற கதை புகழ்பெற்றது. அவை ஏற்றிச் சென்றது சில ஆயிரம் பேரையே; போரின் முடிவை அவை தீர்மானிக்கவில்லை. செப்டம்பர் 14 அன்று மோல்ட்கே நீக்கப்பட்டு ஃபால்கன்ஹைன் பொறுப்பேற்றார். ஆறு வாரத் திட்டம் அதோடு முடிந்தது.

ஆஸ்திரியாவின் நிலை இன்னும் மோசம். எந்த நாட்டைத் தண்டிப்பதற்காகப் போர் தொடங்கியதோ அந்தச் செர்பியா, ஆகஸ்டில் செர் மலைப்பகுதியில் ஆஸ்திரியப் படையை எல்லைக்கு அப்பால் துரத்தியது. ஒரே படையை முதலில் செர்பியாவுக்கும் பிறகு ரஷ்யாவுக்கு எதிராகக் கலிசியாவுக்கும் மாற்றிய கொன்ராட், இரண்டு களங்களிலும் உரிய நேரத்தில் அதைப் பயன்படுத்த முடியாமல் போனார். செப்டம்பர் தொடக்கத்தில் லெம்பர்க் நகர் ரஷ்யர் கைக்குப் போனது. பயிற்சி பெற்ற அதிகாரிகளில் பெரும்பகுதியை அந்தப் பேரரசு முதல் சில மாதங்களிலேயே இழந்தது. டிசம்பர் 2 அன்று கைப்பற்றிய பெல்கிரேடை இரண்டே வாரங்களில் மீண்டும் இழந்தது. தன்னைக் காத்துக்கொள்ளப் போரைத் தேர்ந்த பேரரசு அதன்பின் ஜெர்மனியின் உதவியின்றி நிற்க முடியாத நிலைக்கு வந்தது.

மேற்கில், பிரான்சின் எய்ன் ஆற்றின் மேட்டில் ஜெர்மானியர் பதுங்குகுழி தோண்டினர், எதிரிகளும் தோண்டினர். ஒருவர் மற்றவரின் வடபுறத்தைச் சுற்றிவளைக்க முயன்று முயன்று இரு தரப்பும் அக்டோபரில் வடகடலை அடைந்தன. பெல்ஜியர் மதகுகளைத் திறந்து ஈசெர் ஆற்றுச் சமவெளியைக் கடல்நீரில் மூழ்கடித்தனர். எஞ்சிய ஒரே இடைவெளியான ஈப்பர் நகரைச் சுற்றி அக்டோபர் 19 முதல் நவம்பர் 22 வரை நடந்த போரில்தான் இந்திய வீரர்கள் பெருமளவில் களம் கண்டனர். போர் வேண்டுமா என்று இந்தியாவில் யாரிடமும் கேட்கப்படவில்லை. பிரிட்டன் போர் அறிவித்ததும் இந்தியாவும் போரில் இருந்தது. செப்டம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய லாகூர்ப் படைப்பிரிவு, குளிருக்கு ஏற்ற உடையும் போதிய பீரங்கிகளும் இன்றி முன்னணிக்கு அனுப்பப்பட்டது. அக்டோபர் 31 அன்று ஹொல்லெபெக்கில் தன் இயந்திரத் துப்பாக்கியைக் கடைசிவரை இயக்கிய குதாதாத் கான், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்திய வீரரானார். பிரிட்டனின் பழைய நிரந்தரப் படை ஈப்பரில் அழிந்துகொண்டிருந்த வாரங்களில், அந்த வரிசையில் விழுந்த ஓட்டைகளை அடைத்தவர்களில் இந்த வீரர்கள் இருந்தார்கள் என்பது ஐரோப்பிய நூல்களில் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

போரை உலகப் போராக்கியவை பேரரசுகளே. கண்டத்தில் சண்டை தொடங்கிய அதே மாதத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெர்மன் காலனியான டோகோலாந்து சரணடைந்தது. நியூசிலாந்துப் படை ஜெர்மனியின் வசமிருந்த சமோவாவைப் பிடித்தது. ஆகஸ்டு 23 அன்று போர் அறிவித்த ஜப்பான் நவம்பரில் சீனக் கடற்கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவைக் கைப்பற்றியது. இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்களை ஆகஸ்டிலேயே தன் நீரிணைக்குள் ஏற்றுக்கொண்ட உதுமானியப் பேரரசு, அக்டோபர் 29 அன்று ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகங்களைத் தாக்கிப் போருக்குள் வந்தது. நவம்பரில் இந்தியப் படை பாஸ்ராவில் நுழைந்தது. அதே மாதம் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கிய மற்றோர் இந்தியப் படை, ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் மிகச் சிறிய படையிடம் தோற்றுத் திரும்பியது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் அந்தத் தோல்வியில் இருந்தது.

சென்னைக்குப் போர் வந்தது செப்டம்பர் 22 இரவில். கார்ல் ஃபொன் முல்லர் தலைமையில் வங்கக் கடலில் தனித்துத் திரிந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகளின்மீது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசி, எரியும் தொட்டிகளின் வெளிச்சத்திலேயே விலகிச் சென்றது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். பொருட்சேதத்தைவிடப் பெரியது பிரிட்டிஷ் ஆட்சியின் மதிப்புக்கு ஏற்பட்ட சேதம். அடுத்த நாட்களில் ஏராளமான குடும்பங்கள் ஊரைவிட்டு உள்நாட்டுக்குப் போயின. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் உள்ளது. அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9 அன்று கொகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் வீழ்ந்தது. இப்படிப்பட்ட துணிகரங்கள் போரின் போக்கை மாற்றவில்லை. கடல்வழிகளைத் தன் வசம் வைத்திருந்த பிரிட்டன் ஜெர்மனியின் வாணிபத்தை மெல்லமெல்ல நெரிக்கத் தொடங்கியிருந்தது. போர் நீளநீள அந்தப் பிடிதான் கனத்தது.

நீண்ட போர் வரும் என்று யாருமே எண்ணவில்லை என்று சொல்வதும் பிழை. முன்னாள் ஜெர்மன் படைத்தலைவர் மூத்த மோல்ட்கே 1890-இலேயே, அடுத்த போர் ஏழாண்டுகளோ முப்பதாண்டுகளோ நீளலாம் என்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் போர் அமைச்சரான கிச்னர் மூன்றாண்டுகளாவது ஆகும் என்று கூறிப் பெரும் தொண்டர் படையைத் திரட்டத் தொடங்கினார். ஆபத்தை உணர்ந்த தளபதிகள், நீண்ட போரைத் தம் நாடு தாங்காது என்பதாலேயே குறுகிய போருக்கான திட்டத்தில் எல்லாவற்றையும் பந்தயம் வைத்தனர். பந்தயம் தோற்றபோது மாற்றுத் திட்டம் எவரிடமும் இல்லை. இருப்பில் இருந்த பீரங்கிக் குண்டுகள்கூட இலையுதிர்காலத்துக்குள் எல்லாப் படைகளிலும் தீர்ந்துவரத் தொடங்கின.

அப்படியானால் 1914 நவம்பரிலேயே ஏன் சமாதானம் பேசவில்லை என்ற கேள்வி எழுகிறது. நவம்பர் 18 அன்று ஃபால்கன்ஹைனே பிரதமரிடம் சென்று, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் ஒன்றாக நிற்கும்வரை ஜெர்மனி வெல்ல முடியாது, ரஷ்யாவோடு தனிச் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்று கூறினார். பெத்மான் ஹோல்வெக் அதை ஏற்கவில்லை. அவர் அலுவலகத்தில் செப்டம்பரிலேயே, பெல்ஜியத்தைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருப்பதையும் பிரான்சின் இரும்புச் சுரங்கப் பகுதியைப் பெறுவதையும் கோரும் போர்நோக்கப் பட்டியல் தயாராகியிருந்தது. மக்கள் செய்த தியாகத்துக்கு ஈடாக எதையும் பெறாத சமாதானத்தை நாட்டுக்கு முன் வைக்க முடியாது என்ற கணக்கும் இருந்தது. மறுபக்கம், இரும்புத் தாதில் பெரும்பகுதியைத் தரும் தன் வடகிழக்குப் பகுதி எதிரியின் கையில் இருக்க, சுமார் மூன்று இலட்சம் வீரர்களை ஐந்தே மாதங்களில் இழந்த பிரான்ஸ் எந்தப் பேச்சுக்கும் தயாராக இல்லை. ஜூலையில் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும், எவரும் தனியாகச் சமாதானம் செய்துகொள்வதில்லை என்று செப்டம்பர் 5 அன்று இலண்டனில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தன. போருக்கு முன் தளர்ந்திருந்த கூட்டணிகள், போர் தொடங்கிய பின்னரே யாரும் நழுவ முடியாத கட்டுகளாயின.